டிராக் ரெக்கார்டிங் கார் தந்த அளவு சரியா? முதன்முறையாகச் சோதிக்கப் போகிறவர்களுக்கு

டிராக் ரெக்கார்டிங் கார், சுருக்கமாக டி.ஆர்.சி., ஓடிக்கொண்டே தண்டவாளப் பாதையை அளக்கும் வண்டி. அது ஒரு செக்‌ஷனில் ஓடிவிட்டுப் போனால் பின்னாலேயே ஒரு பட்டியல் வந்து சேரும். எந்தக் கிலோமீட்டரில், எந்த மின்கம்பத்துக்குப் பக்கத்தில், எது வரம்பைத் தாண்டியது என்று வரிசையாக இருக்கும். பட்டியலை எடுத்துக்கொண்டு, கேஜையும் (இரு தண்டவாளத்துக்கு நடுவே உள்ள அகலம்) கிராஸ் லெவலையும் (இரண்டின் உயர வித்தியாசம்) அளக்கும் கைக்கருவியான கேஜ்-கம்-லெவலோடு நீங்கள் போய்ப் பார்க்கிறீர்கள். வண்டி 9 மி.மீ. ட்விஸ்ட் (குறிப்பிட்ட தூரத்துக்குள் கிராஸ் லெவல் மாறும் அளவு) என்ற இடத்தில் உங்கள் கைக்கு 3 மி.மீ. தான் கிடைக்கிறது. "மெஷின் தவறு" என்று எழுதி அனுப்பக் கை துறுதுறுக்கும்.

கொஞ்சம் பொறுங்கள். நான் பார்த்த வரையில் இப்படிப்பட்ட தகராறுகளில் பாதிக்கு மேல் இரண்டு தரப்பும் சரியாகவே அளந்திருக்கும். அளந்தது மட்டும் ஒரே பொருளை அல்ல. இடம் வேறு, நாண் (அளக்கப் பிடிக்கும் கயிறு அல்லது நேர்கோடு) நீளம் வேறு, சுமை வேறு, பூஜ்யம் வேறு. இந்த நான்கையும் ஒன்றாக்கிய பிறகும் வித்தியாசம் மிஞ்சினால்தான் மெஷினைப் பற்றிப் பேசலாம். இதை எனக்கு யாரும் வரிசையாகச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டுத் தடுமாறித்தான் தெரிந்தது. உங்களுக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

இது பி.வே., அதாவது பாதைப் பராமரிப்புப் பக்கம் புதிதாக வந்த ஜூனியர் இன்ஜினியர், சீனியர் செக்‌ஷன் இன்ஜினியர்களுக்காகவும், ரயில் பெட்டியில் பொருத்தும் புது அளவைக் கருவிகளைச் சோதிக்கும் தனியார் பொறியாளர்களுக்காகவும் எழுதியது. எண்கள் எல்லாம் நம் அகலப் பாதைக்கு உரியவை.

1. லைனுக்குப் போகும் முன் காகிதங்கள்

கையில் இருக்க வேண்டியவை இவை:

- டி.ஆர்.சி. ஓட்டத்தின் முழு டிஜிட்டல் பதிவு. வரம்பு தாண்டிய இடங்களின் பட்டியல் மட்டும் போதாது. 200 மீட்டருக்கு ஒரு சராசரி என்று தருவதும் போதாது. கால் மீட்டருக்கு ஒரு புள்ளியோ, 30 செ.மீ.க்கு ஒன்றோ, மூல இடைவெளியிலேயே கேளுங்கள்.
- அந்தப் பதிவின் விளக்கத் தாள். ட்விஸ்ட்டின் அடிநீளம், அன்ஈவன்னெஸ் (மேடுபள்ளம்), அலைன்மென்ட் (பக்கவாட்டு நேர்மை) இரண்டின் நாண் நீளம், வடிகட்டி எந்த அலைநீளம் முதல் எது வரை விடுகிறது, எது இடது, எது வலது, கேஜில் பூஜ்யம் எது.
- முந்தைய ஓட்டத்தின் பதிவு.
- டாம்பிங் மெஷின் (ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இறுக்குவது) அங்கே கடைசியாக எப்போது வேலை செய்தது, இரண்டு தேதிகளுக்கு நடுவில் கேங் ஆட்கள் கையால் ஜல்லி இறுக்கினார்களா (பேக்கிங்) என்பதன் பதிவு.
- வளைவுப் பதிவேடு: வளைவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, டிரான்சிஷன் (நேர்ப்பாதை மெல்ல வளைவாகும் பகுதி) நீளம், கேன்ட் (வெளித் தண்டவாளத்தின் கூடுதல் உயரம்) எவ்வளவு.
- உங்கள் கேஜ்-கம்-லெவலின் காலிப்ரேஷன் சான்றிதழ். தேதி தாண்டியிருந்தால் வெறுங்கையோடு போவதும் அதுவும் ஒன்றுதான்.

இரண்டாவது உருப்படிதான் கிடைப்பது கஷ்டம். "எல்லாம் ஸ்டாண்டர்ட்தான் சார்" என்பார்கள். ஸ்டாண்டர்ட் ஒன்று அல்ல. பழைய வண்டிகளில் 3.6 மீட்டர் அடிநீளத்தில் ட்விஸ்ட், 3.6 மீட்டர் நாணில் அன்ஈவன்னெஸ், 7.2 மீட்டர் நாணில் அலைன்மென்ட் என்று இருந்தது. புது வண்டிகளில் இந்த நீளங்கள் மாறியிருக்கின்றன. ஆகவே எழுத்தில் வாங்குங்கள். வண்டி உங்கள் டிவிஷனில் இருக்கும்போதே கேட்டால் அதிலிருக்கும் ஆபரேட்டரே சொல்லிவிடுவார். அடுத்த மண்டலத்துக்குப் போய்விட்டால் கடிதப் போக்குவரத்துதான், வாரக்கணக்கில் இழுக்கும்.

2. உங்கள் கையில் இருப்பதை முதலில் சந்தேகப்படுங்கள்

கேஜ்-கம்-லெவலை ஒரு ஸ்லீப்பர் மேல், இரண்டு தண்டவாளத்தின் குறுக்கே வையுங்கள். வைத்த இடத்தில் தண்டவாளத்தின் மேல் சாக்பீஸால் கோடு போடுங்கள். கிராஸ் லெவலைப் படியுங்கள். பிறகு கருவியை முனை மாற்றித் திருப்பி, அதே கோட்டில் வைத்து மறுபடி படியுங்கள். எந்தத் தண்டவாளம் உயரம், எவ்வளவு உயரம் என்ற பதில் இரண்டு முறையும் ஒன்றாக வர வேண்டும். முதலில் இடது 6 மி.மீ. உயரம், திருப்பினால் இடது 2 மி.மீ. உயரம் என்றால் உண்மை 4. கருவியின் பிழை 2. வித்தியாசத்தில் பாதிதான் பிழை. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் வந்த அறிக்கைகளை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

1 மி.மீ. கிராஸ் லெவல் என்றால் கோணக் கணக்கில் என்ன என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். தண்டவாள மையங்களுக்கு நடுவே 1750 மி.மீ. அதில் ஒரு மி.மீ. என்பது ஒரு டிகிரியில் முப்பதில் ஒரு பங்கு. குமிழி கொஞ்சம் தேய்ந்திருந்தாலும், கருவியின் கால் அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் இந்த அளவு போய்விடும். வைக்கும் இடத்தைத் துணியால் துடையுங்கள்.

கேஜுக்கு வேறு தொல்லை. அது தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து 14 மி.மீ. கீழே அளக்கப்படுவது. நேர்ப்பாதையில் பக்கச்சுவர் செங்குத்தாக இருப்பதால் ஒன்றும் தெரியாது. வளைவில் வெளித் தண்டவாளம் தேய்ந்து சரிவாகப் போயிருக்கும். அந்தச் சரிவில் உங்கள் கருவியின் நாக்கு இரண்டு மி.மீ. மேலோ கீழோ தொட்டாலே கேஜ் ஏறக்குறைய ஒரு மி.மீ. மாறிவிடும். உதடு பிதுங்கிய தண்டவாளத்தில் கருவி உதட்டில் மாட்டிக்கொள்ளும். வண்டியின் லேசர் அதற்குக் கீழே பார்த்திருக்கும். இப்படிப்பட்ட இடத்தை ஒப்பீட்டுக்கே எடுக்காதீர்கள்.

இன்னொன்று. தண்டவாளத்தில் மின்சாரம் ஓடவிட்டு ரயில் இருப்பதை அறியும் ட்ராக் சர்க்யூட் உள்ள செக்‌ஷனில் இன்சுலேஷன் இல்லாத இரும்புக் கருவியைக் குறுக்கே வைத்தால் சிக்னல் சிவப்பாகிவிடும். ரயில் நிற்கும், கன்ட்ரோலிலிருந்து போன் வரும், அப்புறம் அந்த வாரம் முழுக்க விளக்கக் கடிதம்தான். இன்சுலேட்டட் கருவிதானா என்று பார்த்து வாங்கிப் போங்கள்.

3. சோதனைக்கு எந்த இடம்

எல்லோரும் மோசமான இடத்துக்கு ஓடுவார்கள். பட்டியலில் அதுதானே இருக்கிறது! ஆனால் மெஷினின் துல்லியத்தை அறிய அது மோசமான தேர்வு. அங்கே சுமை ஏறியதும் பாதை அசையும். இரண்டு வகை இடம் தேவை.

ஒன்று, சமீபத்தில் டாம்பிங் ஆகி, ரயில்கள் ஓடி உறைந்துவிட்ட, ஜல்லி நிறைந்த, கான்கிரீட் ஸ்லீப்பர் உள்ள 200 மீட்டர் நேர்ப்பாதை. கருவியின் பூஜ்யத்தைச் சோதிக்க இது.

இரண்டு, ஒரு நல்ல வளைவு, டிரான்சிஷனோடு சேர்த்து. கேன்ட் 0 முதல் 80, 100 மி.மீ. வரை ஏறும் இடத்தில்தான் கருவியின் அளவுகோல் சரியா என்று தெரியும். நேர்ப்பாதையில் கிராஸ் லெவல் 3 மி.மீ.க்குள்ளேயே ஆடிக்கொண்டிருக்கும். அங்கே கருவி பத்து சதவீதம் குறைத்துக் காட்டினாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

தவிர்க்க வேண்டியவை: பாயிண்ட்ஸ், கிராசிங், செக் ரயில் (உள்பக்கத்தில் ஒட்டிப் போடும் காப்புத் தண்டவாளம்) உள்ள லெவல் கிராசிங், லூப்ரிகேட்டர் வைத்த வளைவின் தொடக்கம். கிரீஸ் பூசிய பக்கச்சுவரில் லேசர் ஒளி தாறுமாறாகச் சிதறும். செக் ரயிலைச் சில கருவிகள் ஓடும் தண்டவாளம் என்றே நினைத்துக்கொள்ளும்.

4. வண்டியை முதலில் வண்டியோடு ஒப்பிடுங்கள்

கை அளவுக்குப் போகும் முன்பே இதைச் செய்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஒரே பாதையில், ஒரே நாளில், ஒரே வேகத்தில் இரண்டு முறை ஓடிய பதிவுகளை எடுத்து ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழியுங்கள். மிஞ்சுவது பாதையின் குறை அல்ல; கருவியின் நடுக்கம். அடுத்து வேகத்தை மாற்றி ஒன்று, திசையை மாற்றி ஒன்று. ஐரோப்பியத் தரநிர்ணயமான இ.என். 13848-இன் இரண்டாம் பகுதி அளவை வண்டிகளை இப்படித்தான் சோதிக்கச் சொல்கிறது: ஒரே நிலையில் ஒரே பதில் வருகிறதா, நிலை மாறினாலும் அதே பதில் வருகிறதா என்று இரண்டு கேள்வி.

இன்னும் மூன்று ஓட்டத்துக்குப் பாதை ஒதுக்கச் சொன்னால் ஆபரேட்டிங்கில் சிரிப்பார்கள். ஒற்றைப் பாதையில் ஒரு வழி இருக்கிறது. வண்டி போய்விட்டு அதே வழியில் திரும்புகிறதா என்று நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். திரும்பினால், திரும்பும்போதும் பதிவை நிறுத்தாமல் வைக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். செலவில்லாமல் இரண்டாவது ஓட்டம் கிடைத்துவிடும். இரட்டைப் பாதையில் இது நடக்காது. திரும்பி வருவது பக்கத்து லைனில். அந்த இரண்டையும் ஒப்பிட்டு "மெஷின் ஒத்துப்போகவில்லை" என்று எழுதியவர்களும் உண்டு.

திசை மாறினால் இடது வலதாகும், கிராஸ் லெவலின் கூட்டல் கழித்தலாகும். சில வண்டிகளின் மென்பொருளே இதைத் திருப்பிவிடும், சிலதில் நாம் திருப்ப வேண்டும். ஒரு வளைவின் கேன்ட்டைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: வெளித் தண்டவாளம்தான் உயரமாக இருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லேசரும் முடுக்கமானியும் கொண்ட வண்டியில் கேஜ் எந்த வேகத்திலும் வரும். ஆனால் மேடுபள்ளமும் அலைன்மென்ட்டும் முடுக்கத்திலிருந்து கணக்கிடப்படுபவை. முடுக்கமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25 மீட்டர் நீளத்தில் 1 மி.மீ. உயரமுள்ள ஒரு அலையை 100 கி.மீ. வேகத்தில் கடந்தால் புவியீர்ப்பில் இருநூறில் ஒரு பங்கு முடுக்கம் கிடைக்கும். அதையே 20 கி.மீ.யில் கடந்தால் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. கருவியின் சொந்த இரைச்சலிலேயே அது மூழ்கிப்போகும். ஆகவே ஸ்டேஷன் யார்டு, வேகக் கட்டுப்பாடு போட்ட கேஷன் ஆர்டர் இடம், சிக்னலில் நின்று புறப்பட்ட இடம் எல்லாவற்றிலும் வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வரிகளை நம்ப வேண்டும். பதிவில் வேகத்துக்கு ஒரு பத்தி இருக்கும். இல்லையென்றால் கேளுங்கள்.

5. இடம், இடம், இடம்

வண்டி தன் தூரத்தைச் சக்கரத்தின் சுழற்சியை எண்ணித்தான் அறிகிறது. புதுப் பெட்டிச் சக்கரத்தின் விட்டம் 915 மி.மீ. சக்கரம் தேயும், மறுபடி கடைவார்கள், விட்டம் குறையும். கணினியில் பதிந்த விட்டம் உண்மையிலிருந்து ஒரே ஒரு மி.மீ. மாறியிருந்தால் கிலோமீட்டருக்கு 1.1 மீட்டர் பிழை. பத்துக் கிலோமீட்டரில் 11 மீட்டர், அதாவது 18 ஸ்லீப்பர். நீங்கள் 18 ஸ்லீப்பர் தள்ளி நின்று அளந்துவிட்டு ட்விஸ்ட் இல்லை என்கிறீர்கள்; வண்டி இருக்கிறது என்கிறது. இருவர் சொல்வதும் உண்மைதான்.

ஜி.பி.எஸ்.ஸும் ஆபரேட்டர் அழுத்தும் கிலோமீட்டர் பொத்தானும் இதை ஓரளவு சரிசெய்யும். 100 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறது. ஆபரேட்டர் அரை நொடி தாமதித்தால் 14 மீட்டர் போச்சு. ஆகவே கிலோமீட்டர் எண்ணை நம்பாதீர்கள். பாதையே போடும் கையெழுத்தைத் தேடுங்கள்: கிராசிங்கில் கேஜ் குதிப்பது, டிரான்சிஷன் தொடங்கும் இடத்தில் கேன்ட் எழும்புவது, பாலத்தின் இரு முனைகளில் வரும் பள்ளம். சோதனை இடத்துக்கு இருபுறமும் இப்படி ஒவ்வொரு அடையாளம் கிடைத்தால் நடுவில் உள்ளதைப் பிரித்துப் போட்டுவிடலாம்.

இன்னும் நுட்பமாக வேண்டுமானால் எக்ஸெல் போதும். கையால் எடுத்த கேஜை ஒரு பத்தியிலும் வண்டியின் கேஜை இன்னொரு பத்தியிலும் போட்டு, ஒன்றைக் கால் மீட்டர் கால் மீட்டராக நகர்த்தி, வித்தியாசத்தின் திட்ட விலக்கம் எங்கே மிகக் குறைகிறதோ அங்கே நிறுத்துங்கள். கேஜைத்தான் பயன்படுத்த வேண்டும். அது சுமைக்கு அதிகம் மாறாது, வடிகட்டி இல்லாமல் வருவது, ஸ்லீப்பருக்கு ஸ்லீப்பர் தனி முகம் உள்ளது. அலைன்மென்ட்டை வைத்துப் பொருத்தினால் வடிகட்டியால் வரும் நகர்வையும் சேர்த்துப் பிழையாக்கிவிடுவீர்கள்.

6. லைனில் அளக்கும்போது

ஐந்து பேர் வேண்டும். கருவிக்கு இரண்டு, எழுத ஒருவர், இருபுறமும் லுக்அவுட்டுக்கு ஒவ்வொருவர். வளைவில் பார்வை மறைந்தால் லுக்அவுட் இன்னும் கூடும். பாதுகாப்பு விதியில் சிக்கனம் பிடிக்காதீர்கள், 130 கி.மீ. அனுமதித்த அரக்கோணம்–ஜோலார்பேட்டை மாதிரிப் பாதையில் ரயில் கண்ணில் பட்டதும் ஒதுங்க உங்களுக்குக் கிடைப்பது சில நொடிகள்தான்.

200 மீட்டரில் ஐந்து ஸ்லீப்பருக்கு ஒன்று, அதாவது 3 மீட்டருக்கு ஒன்று என்று எடுத்தால் 67 இடம். ஒவ்வொன்றிலும் கேஜ், கிராஸ் லெவல் இரண்டும் படித்து எழுத ஒரு நிமிடம் என்று வையுங்கள். ரயில்களுக்கு ஒதுங்குவதையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் ஆகும். ட்விஸ்ட் வரம்பு தாண்டிய ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு இது போதாது. அங்கே இருபுறமும் 15 மீட்டருக்கு ஒவ்வொரு ஸ்லீப்பரிலும் எடுங்கள்.

எடுத்த 67-இல் முதல் 20-ஐ வேறொரு ஆளை வைத்து, முதல் அளவைக் காட்டாமல், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கை அளவின் நடுக்கம் எவ்வளவு என்று அப்போது தெரியும். பெரும்பாலும் ஒரு மி.மீ. அளவுக்கு ஆடும். இ.என். 13848 கேஜில் வண்டிக்கு அனுமதிக்கும் பிழையும் ±1 மி.மீ.தான். ஒப்பிட எடுக்கும் கருவி, சோதிக்கப்படும் கருவியைவிட மூன்று நான்கு மடங்கு நுட்பமாக இருக்க வேண்டும் என்பது அளவியலில் பழைய விதி. ஆகவே சாதாரணக் கேஜ்-கம்-லெவலால் ஒரு நல்ல வண்டிக்குத் தீர்ப்பு எழுத முடியாது; கெட்ட வண்டியைக் காட்டிக்கொடுக்கத்தான் முடியும். தீர்ப்பே எழுத வேண்டுமானால் தள்ளிக்கொண்டு போகும் டிஜிட்டல் அளவைத் தள்ளுவண்டியை வரவழையுங்கள்.

வெர்சைன் (கயிற்றை நாணாகப் பிடித்தால் அதன் நடுவில் தண்டவாளம் விலகும் அளவு) எடுப்பது என்றால் காலையிலேயே எடுத்துவிடுங்கள். வெயில் ஏறினால் தண்டவாளம் சூடாகி அலைன்மென்ட் லேசாக அசையும். காற்று எழுந்தாலோ 20 மீட்டர் நைலான் கயிறு பக்கவாட்டில் வயிறு தள்ளி, இல்லாத வெர்சைனைக் காட்டும். 2 டிகிரி வளைவுக்கு, அதாவது 875 மீட்டர் ஆரத்துக்கு, 20 மீட்டர் நாணில் வெர்சைன் 57 மி.மீ. வர வேண்டும், அதில் 3 மி.மீ.யைக் காற்றே தந்துவிடும்.

7. ஒரே மொழிக்குக் கொண்டுவாருங்கள்

கேஜின் பூஜ்யம். அகலப் பாதை 1676 மி.மீ. என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கான்கிரீட் ஸ்லீப்பர் 1673-க்கு வார்க்கப்பட்டது. வண்டி 1676-ஐப் பூஜ்யமாக வைத்து −3 என்று காட்டும். 1673-ஐப் பூஜ்யமாக வைத்த உங்கள் பதிவேட்டில் 0 இருக்கும். 200 மீட்டர் முழுக்க ஒரே சீராக 3 மி.மீ. வித்தியாசம் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ட்விஸ்ட். 3.6 மீட்டர் என்பது ஆறு ஸ்லீப்பர் இடைவெளி, 3 மீட்டர் என்பது ஐந்து. வண்டி எதில் கணக்கிட்டதோ அதிலேயே நீங்களும் கணக்கிடுங்கள். மீட்டருக்கு இத்தனை மி.மீ. என்று வகுத்து இரண்டையும் ஒப்பிடுவது தவறு. பாதை அப்படி நேர்கோட்டில் முறுக்கிக்கொள்வதில்லை. டிரான்சிஷனில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கேன்ட் 720-க்கு 1 என்ற சரிவில் ஏறினால் 3.6 மீட்டரில் 5 மி.மீ. ட்விஸ்ட் வடிவமைப்பிலேயே இருக்கிறது. வண்டியின் மென்பொருள் அதைக் கழித்ததா இல்லையா என்று தெரியாமல் அங்கே ட்விஸ்ட்டைப் பற்றிப் பேசாதீர்கள்.

நாண். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். நாண் வைத்து நடுவில் அளக்கும் வெர்சைன் எல்லா அலையையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. 20 மீட்டர் நாணுக்கு 20 மீட்டர் அலை இரண்டு மடங்காகத் தெரியும். 10 மீட்டர் அலை தெரியவே தெரியாது, ஏனென்றால் நாணின் இரு முனையும் நடுவும் ஒரே நேரத்தில் மேட்டில் ஏறி ஒரே நேரத்தில் பள்ளத்தில் இறங்கும். வண்டியோ அலையை அப்படியே வரைந்து, 3 முதல் 25 மீட்டர் வரை வடிகட்டித் தரலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு வேறு பாதை போலத் தோன்றும். சரியான வழி, வண்டியின் வரைவிலிருந்து அதே நாணின் வெர்சைனைக் கணக்கிடுவது: நடுப்புள்ளியின் மதிப்பிலிருந்து இரு முனைகளின் சராசரியைக் கழித்தால் போதும். எக்ஸெலில் ஒரு வரி. எதிர்த்திசையில், அதாவது வெர்சைனிலிருந்து வரைவுக்குப் போக முயலாதீர்கள். தொலைந்த 10 மீட்டர் அலையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வளைவில் இந்தக் கணக்குக்கு முன் வளைவின் சொந்த வெர்சைனைக் கையளவிலிருந்து கழித்துவிடுங்கள். வடிகட்டி அதை வண்டியின் பதிவில் ஏற்கெனவே எடுத்துவிட்டிருக்கும்.

8. சுமையால் வரும் வித்தியாசம்

இனி அந்த 9-க்கும் 3-க்கும் வருவோம். உங்கள் கை அளப்பது வெறும் பாதையை. வண்டி அளப்பது தன் எடைக்குக் கீழே அமுங்கிய பாதையை. ஸ்லீப்பருக்கு அடியில் ஒரு பக்கம் 5 மி.மீ. வெற்றிடம் இருந்தால் ரயில் இல்லாதபோது தண்டவாளம் அந்த ஸ்லீப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்; லெவல் நன்றாகவே காட்டும். சக்கரம் வந்ததும் இறங்கும்.

இந்த மாதிரி இடத்தைக் கண்ணாலேயே பிடிக்கலாம். ஸ்லீப்பர் முனையைச் சுற்றி ஜல்லி அரைபட்டு வெள்ளைத் தூளாகக் கிடக்கும். மழைக்காலமானால் அதே இடத்தில் சேறு கக்கியிருக்கும். ஒதுங்கி நின்று ஒரு ரயிலைப் போகவிட்டு அந்த ஸ்லீப்பரையே பாருங்கள், குதிப்பது தெரியும். எண் வேண்டுமானால் வாய்டு மீட்டரை அந்த இடத்திலும் ஐந்தாறு ஸ்லீப்பர் தள்ளியும் வைத்து, ரயில் போனதும் எவ்வளவு இறங்கியது என்று படியுங்கள். வெறும் பாதையின் கிராஸ் லெவலோடு அந்த இறக்கத்தைச் சேர்த்து ட்விஸ்ட்டைக் கணக்கிட்டால் 3 மி.மீ. எப்படி 9 ஆனது என்று பெரும்பாலும் விளங்கிவிடும். சரக்கு வண்டி போனபோது படித்ததை டி.ஆர்.சி.யோடு ஒப்பிடக் கூடாது. அச்சுச் சுமை வேறு. பயணிகள் வண்டியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே தவறு மெஷினில் இல்லை, பேக்கிங்கில் இருக்கிறது. கையளவைக் காட்டி இந்த இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்வதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான தவறு.

9. கணக்கு

பொருத்திய இரண்டு பத்திகளின் வித்தியாசத்தை எடுத்து மூன்று எண்களைப் பாருங்கள்.

வித்தியாசத்தின் சராசரி பூஜ்யப் பிழை. கேஜில் 0.3 மி.மீ. என்றால் விட்டுவிடுங்கள், 2 மி.மீ. என்றால் காரணம் தேட வேண்டும்.

வித்தியாசத்தின் திட்ட விலக்கம் நடுக்கம். வண்டியின் இரண்டு ஓட்டங்களை ஒப்பிட்டீர்கள் என்றால் அதை 1.4-ஆல் வகுத்தால் ஒரு ஓட்டத்தின் நடுக்கம் கிடைக்கும். 0.7 வந்தால் ஒரு ஓட்டத்துக்கு 0.5.

மூன்றாவது, ஒன்றுக்கு எதிராக இன்னொன்றை வரைந்தால் வரும் கோட்டின் சாய்வு. வளைவின் கேன்ட்டில் இது 1-க்கு மிக அருகில் இருக்க வேண்டும். 0.9 என்றால் கருவியின் அளவுகோலே தவறு.

ஒட்டுறவுக் கெழுவை மட்டும் போட்டு "0.97, ஆகவே சரி" என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கருவி எல்லாவற்றையும் பாதியாகக் காட்டினாலும் 0.97 வரும். மறுபக்கம், நன்றாகப் பராமரித்த பாதையில் ஏற்ற இறக்கமே 1 மி.மீ.தான் என்றால், அருமையான கருவிக்கும் 0.5 வரும்.

பாதையின் தரத்தை ஒரே எண்ணில் சொல்லும் டி.ஜி.ஐ. போன்ற கூட்டுக் குறியீட்டை வைத்துக் கருவியைச் சோதிப்பதும் வீண். அதில் அன்ஈவன்னெஸ்ஸுக்கு 2, ட்விஸ்ட்டுக்கு 1, கேஜுக்கு 1, அலைன்மென்ட்டுக்கு 6 என்று எடை போட்டுப் பத்தால் வகுக்கிறார்கள். அலைன்மென்ட்டில் சின்னப் பிழை இருந்தாலும் குறியீடு குலுங்கும்; கேஜில் பெரிய பிழை இருந்தாலும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். திட்ட விலக்கத்திலிருந்து வருவதால் பூஜ்யப் பிழையை அது பார்ப்பதே இல்லை. குறியீடு ஒரே ஓட்டத்தில் திடீரென்று மாறினால் அலைன்மென்ட்டிலிருந்து தேடத் தொடங்குங்கள், அவ்வளவுதான் அதன் பயன்.

10. செலவும் நாளும்

கருவிச் செலவு சின்னது. காலிப்ரேஷனுக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். போய்வர நாளாகும், அதுவரை மாற்றுக் கருவி கையில் இருக்கட்டும். பெரிய செலவு ஆட்களின் நாளும், ரயில்களை நிறுத்திப் பாதையை வேலைக்குத் தரும் பிளாக்கும்தான். பிளாக் தனியாகக் கேட்டால் கிடைப்பது அரிது. அந்த இடத்தில் வேறு வேலைக்கு ஏற்கெனவே பிளாக் போட்டிருந்தால் அதோடு ஒட்டிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: அது டாம்பிங் பிளாக் என்றால் மெஷின் இறங்குவதற்கு முன் அளந்துவிட வேண்டும், பின்னால் அளந்தால் அது வேறு பாதை.

டிஜிட்டல் தள்ளுவண்டியை விலைக்கு வாங்காமல் நாள் வாடகைக்கு எடுக்கலாம். விலைப்புள்ளி கேட்கும்போது ஆபரேட்டர், போக்குவரத்து, டேட்டா ஒப்படைப்பு மூன்றும் அடக்கமா என்று எழுதிக் கேளுங்கள். மென்பொருள் உரிமம் இல்லாமல் திறக்க முடியாத கோப்பைத் தந்துவிட்டு, அதைத் திறக்கத் தனிப் பணம் கேட்கும் ஆட்களும் உண்டு.

வண்டி ஓடியதற்கும் நீங்கள் அளப்பதற்கும் நடுவில் ஓரிரு நாளுக்கு மேல் போகக் கூடாது. கனமழை பெய்தாலோ, கேங் கை வைத்தாலோ அந்த ஒப்பீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த ஓட்டத்துக்குக் காத்திருங்கள்.

11. அறிக்கையில் எழுத வேண்டியது

இரண்டு பக்கம் போதும். வண்டி ஓடிய தேதி, நேரம், திசை, அந்த இடத்தில் வேகம். கையளவு எடுத்த தேதி, நேரம், தண்டவாள வெப்பநிலை. கருவி எண், சான்றிதழ் தேதி, முனை மாற்றிய சோதனையின் முடிவு. எத்தனை மீட்டர் நகர்த்திப் பொருத்தினீர்கள். ட்விஸ்ட்டின் அடிநீளம், நாண், வடிகட்டி. அந்த மூன்று எண்கள், கேஜுக்கும் கிராஸ் லெவலுக்கும் தனித்தனியாக. வாய்டு மீட்டர் அளவு எடுத்திருந்தால் அது. மூல டேட்டாவை இணைப்பாகக் கொடுங்கள். அவர்கள் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

பூஜ்யப் பிழை இருப்பது உறுதியானாலும் வண்டியின் பதிவை நீங்களே திருத்திக் கோப்பில் வைக்காதீர்கள். வண்டியை இயக்கும் பிரிவுக்கு எழுதி அவர்கள் திருத்தட்டும், உங்களிடம் மூலம் அப்படியே இருக்கட்டும். பதில் வரும்வரை பட்டியலில் உள்ள இடம் பட்டியலில் உள்ள இடம்தான்: பேக்கிங் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள், வேகக் கட்டுப்பாடு போட வேண்டிய அளவு என்றால் போடுங்கள். அடுத்த ஓட்டம் வரும்போது அதே 200 மீட்டரையும் அதே வளைவையும் மறுபடி எடுங்கள். சாக்பீஸ் அழிந்துபோகும், ஆகவே முதல் முறையே தண்டவாளத்தின் பக்கவாட்டில் பெயிண்டால் குறித்து வைத்துவிடுங்கள்.